கடன் முடியும்வரை நிற்கும் ஊர்

1990களின் நடுப்பகுதிவரை ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு நினைவுகள்தான் வரும். ராமானுஜர் பிறந்த ஊர் என்பது ஒன்று. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்பது மற்றொன்று. ஒரகடம் என்ற பெயர் அந்த வட்டாரத்தைத் தாண்டி அதிகம் கேட்டதில்லை. ஏரித் தண்ணீரில் விளைந்த வயலும் மேட்டுப் புன்செயும் பனைமரங்களும்தான் அந்தச் சாலைகளின் இரண்டு பக்கமும். 1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 1998இல் அங்கிருந்து முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006இல் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிஸான், 2012இல் டெய்ம்லர், அடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. இந்த வளர்ச்சியை நினைக்கும்போது எனக்குத் தொழிற்சாலைக் கட்டடங்களைவிட முன்னால் வந்து நிற்பவை மனைக்கற்கள்தான். அறுவடை முடிந்த வயலில் வரிசையாக நட்ட, மஞ்சளும் வெள்ளையும் பூசிய முழங்கால் உயரக் கற்கள். மூங்கில் கழியில் வண்ணக் கொடி. செம்மண் கொட்டி உருளை ஓட்டிய முப்பது அடிச் சாலை, அதன் முடிவில் ஆர்ச். வேலை கிடைத்து இரண்டு மூன்று வருடம் ஆன எவரும் அந்த ஆர்ச்சைப் பார்த்துவிட்டு நினைப்பது ஒன்றே. கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு இடம் வாங்கிப் போட்டுவிட வேண்டும். அந்த நினைப்பு தவறு என்பது என் கருத்து. இந்தத் தொழில் வழித்தடத்தில் வேலை பார்க்கிற ஒருவர் வாழ்வதற்கென்று வீடு வாங்குவதானால், மேற்கே இருக்கிற பழைய காஞ்சிபுரத்துக்குள் வாங்க வேண்டும். வேலைக்குப் பக்கத்தில் இருப்பதைவிட, வேலை போன பிறகும் இருக்க முடிகிற ஊரில் இருப்பது முக்கியம்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 20 ஆண்டு தவணை, 9 சதவீத வட்டி. மாதம் ஏறக்குறைய 27,000 ரூபாய் கட்ட வேண்டும். எட்டு ஆண்டுகள் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினால் வங்கிக்குப் போயிருப்பது கிட்டத்தட்ட 26 லட்சம். ஆனால் அசலில் இன்னும் 23 லட்சத்து 70 ஆயிரம் பாக்கி இருக்கும். தொடக்க ஆண்டுகளில் கட்டுவதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடுகிறது. எட்டு ஆண்டு என்ற எண்ணை வேண்டுமென்றேதான் எடுத்தேன். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது 2006இல். நிறுத்தியது 2014 நவம்பர் 1ஆம் தேதி. எட்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல், அவ்வளவுதான் அதன் ஆயுள். உலகத்தின் பெரிய கைபேசி ஆலைகளில் ஒன்று என்று பேசப்பட்ட இடம் அது. வரி வழக்கும், கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேராமல் நின்றதும், தொடுதிரைக் கைபேசிகள் சந்தையையே மாற்றியதும் சேர்ந்து அதை மூட வைத்தன. இதில் ஒன்றுகூட அங்கே வேலை பார்த்தவர்களின் கையில் இல்லை. அவர்களில் 2006இலேயே கடன் வாங்கி வீடு கட்டியவர் இருந்திருந்தால், கதவு சாத்தப்பட்ட நாளில் அவர் கடனுக்கு இன்னும் பதினோரு வருடத்துக்கு மேல் ஆயுள் இருந்திருக்கும்.

ஒரு கம்பெனி போனால் இன்னொன்று வருகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. நோக்கியா வளாகத்துக்கே பிறகு வேறு நிறுவனம் வந்தது. சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் பெருகியது. வல்லம் வடகாலில் புதிய ஆலைகள் எழுந்தன. வழித்தடம் என்ற அளவில் அது சோர்ந்துவிடவில்லை. ஆனால் வழித்தடம் பிழைப்பது வேறு, அதில் வேலை பார்த்த மனிதர் பிழைப்பது வேறு. அசெம்பிளி லைனுக்கு ஆள் எடுப்பவர்கள் இருபதை ஒட்டிய வயதுக்காரர்களைத்தான் தேடுகிறார்கள். முப்பத்தைந்து வயதில், இரண்டு குழந்தைகளோடு, பாதிக் கடனோடு வெளியே வருகிறவருக்கு அடுத்த ஆலையில் அதே சம்பளத்தில் இடம் கிடைப்பது அரிது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, அடுத்த ஆண்டு மறைமலைநகர் ஆலையை மூடியபோது வெளியே வந்தவர்கள் கையில் இருந்ததும் இதே பிரச்சினைதான். அப்போது வீடு இருக்கிற இடத்தில் வேறு பிழைப்புக்கு வழி உண்டா, மனைவிக்கு வேலை கிடைக்குமா, பிள்ளைகள் பள்ளியை மாற்றாமல் இருக்க முடியுமா, முன்வாசலில் ஒரு கடை வைத்தால் ஆள் வருமா என்பவைதான் கேள்விகள். நாற்பது மனையில் ஏழு வீடு எழும்பி, மீதி முப்பத்து மூன்றில் முள்செடி முளைத்துக் கிடக்கிற லே-அவுட்டில் இதில் எதற்கும் ஆம் என்று பதில் வராது. அங்கே கடை வைத்தால் வாங்க வருபவர்களும் அதே கம்பெனியின் சம்பளத்தை நம்பியவர்கள்தான்.

லே-அவுட்டுகளின் வேறு குறைகளை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்தவை. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, எதன்மேல் பணம் போட்டிருக்கிறோம் என்று பலர் முதன்முறையாகத் தெரிந்துகொண்டார்கள். பிறகு வரன்முறைத் திட்டம் வந்தது. ஆனால் வரன்முறைச் சான்று காகிதத்தைச் சரிசெய்யும், தரையின் மட்டத்தை உயர்த்தாது. இது ஏரிகளின் மாவட்டம். 2015 மழையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் முங்கியதற்குக் காரணம் அந்த ஆண்டின் மழை மட்டும் இல்லை. தண்ணீர் போகும் வழியில் தெருக்கள் வந்திருந்தன. வயலாக இருந்த இடம் ஏன் வயலாக இருந்தது என்று மனை வாங்குகிறவர் கேட்பதில்லை. தண்ணீர் வந்து நிற்கும் என்பதால்தான் அங்கே நெல் நட்டார்கள்.

காஞ்சிபுரம் வேறு வகை ஊர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரண்டு லட்சம் பேருக்குக் குறைவாக இருந்த சிறிய நகரம். 2021இல்தான் மாநகராட்சி ஆனது. ஆனால் அதற்குக் கால்கள் பல. கோயில்களுக்கு வருகிற கூட்டம், பட்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்றங்களும், காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, 1947இல் தொடங்கிய பச்சையப்பன் கல்லூரி, ஏனாத்தூரில் 1993 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ஒரு கால் தளர்ந்தாலும் ஊர் சாய்வதில்லை. படிப்புக்காக மக்கள் இங்கே வந்து தங்குவதும் இந்தக் கல்லூரிகளோடு ஆரம்பித்த விஷயமில்லை. பல்லவர் காலத்தில் இங்கே இருந்த கடிகை, தொலைதூரத்திலிருந்து மாணவர்கள் வந்து தங்கிப் படித்த உயர்கல்விச் சாலை. வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் இரண்டாம் நந்திவர்மன் பட்டத்துக்கு வந்த கதையைச் சிற்பமாகவும் எழுத்தாகவும் வெட்டியிருக்கிறார்கள். புதிய அரசனைத் தேடிப் போனவர்களின் வரிசையில் கடிகையாரும் உண்டு. அரசு எடுக்கிற முடிவில் படித்தவர்களின் சபைக்கு இடம் இருந்த நகரம் இது. நாளந்தாவின் தலைவராக இருந்த தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்று 7ஆம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங் எழுதி வைத்தார். ஏன், ராமானுஜரே ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து, யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்பதற்காகக் காஞ்சிக்குக் குடிபெயர்ந்தவர் என்றுதான் குருபரம்பரை சொல்கிறது. இந்த வழித்தடத்திலிருந்து காஞ்சிக்கு வீடு மாற்றிய முதல் ஆள் என்று அவரைச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது.

வாங்குவது என்ன மாதிரி வீடு என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளையார்பாளையத்திலும் அதைச் சுற்றிய நெசவாளர் தெருக்களிலும் உள்ள பழைய வீடு, தெருப்பக்கம் பார்த்தால் குறுகலாக இருக்கும். உள்ளே போகப் போக நீளும். திண்ணை, நடை, கூடம், சமையலறை, கொல்லையில் கிணறு. கூடத்தில் நெசவாளர் கால் இறக்கி மிதி மிதிப்பதற்கான தறிக்குழி. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டிக் கஞ்சி போடுவார்கள், அதுவரை வண்டிகள் ஒதுங்கிப் போகும். அப்படி ஒரு வேலைக்கு இடம் விட்டுக் கட்டிய தெரு என்பதால் அது நடப்பதற்கும் குழந்தைகள் விளையாடுவதற்கும் தோதாக இருக்கிறது. பால், காய், மருந்து, பள்ளிக்கூடம், கோயில், பஸ் எல்லாம் நடந்து போகிற தூரம். கார் நிறுத்த இடம் இல்லை, அது உண்மை. வைகாசி கருட சேவைக்கு நகரத்தின் பாதித் தெருக்கள் அடைபடும். 2019இல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாளும் ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்துபோனார்கள். உள்ளூர்க்காரர்களுக்குத் தங்கள் தெருவுக்குள் நுழையவே பாடாக இருந்தது. இந்தத் தொந்தரவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

முதல் ஆட்சேபம் தூரம். காஞ்சிபுரத்திலிருந்து நெடுஞ்சாலை வழியாக ஸ்ரீபெரும்புதூரும், வாலாஜாபாத் வழியாக ஒரகடமும் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டருக்குள் வருகின்றன. போக வர இரண்டு மணி நேரமாவது போகும். ஷிஃப்ட் முடிந்து வருகிற உடம்புக்கு அது சின்ன விஷயம் இல்லை. சொந்த பைக்கில் தினமும் போய்வருவதானால், குறிப்பாக இரவு ஷிஃப்டுக்கு, வேண்டாம் என்றே சொல்வேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிற சாலை இல்லை அது. ஆனால் இந்த வழித்தடம் கம்பெனி பஸ்ஸில் ஓடுகிற வழித்தடம். காஞ்சிபுரத்துக்கு மட்டுமில்லை, அதைத் தாண்டியும் பஸ்கள் போகின்றன. விடிவதற்கு முன்பே தெருமுனைகளில் அடையாள அட்டையும் சாப்பாட்டுப் பையுமாக நிற்கிறவர்களைப் பார்க்காத நாள் இல்லை. பஸ் வருகிற வழியில், நடந்து போய் ஏறுகிற தூரத்தில் வீடு பார்ப்பது என்பதைத்தான் வீடு தேடலின் முதல் நிபந்தனையாக வைக்க வேண்டும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தூரத்தால் களைத்துப் போகிறவர் வீட்டில் ஒருவர். ஊரால் பயன்படுகிறவர்கள் மீதி மூன்று நான்கு பேர். கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் வாங்கும்போது அந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. சம்பாதிக்கிறவருக்கு வசதி, படிக்கப் போகிற பிள்ளைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகிற தாயாருக்கும் அலைச்சல்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் பத்திரம். கோயில் நகரத்தில் வீடு வாங்குவது லே-அவுட்டில் மனை வாங்குவதைவிடச் சிக்கலானது என்பதை மறைக்க முடியாது. பல தெருக்களில் சுவர் ஒருவருடையது, அடிமனை கோயிலுடையது. பரம்பரை பரம்பரையாகக் குடியிருப்பவர்கள் அதைத் தங்கள் வீடு என்று சொல்வதில் பொய் இல்லை, கட்டடம் அவர்களுடையதுதான். ஆனால் கோயில் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ, ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும் என்பது 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு வந்த பிறகு அத்தகைய பத்திரத்தைச் சார்பதிவாளர் ஏற்க மாட்டார், வங்கியும் கடன் தராது. விலை சந்தையைவிட மிகவும் குறைவாக இருந்தால் முதலில் கேட்க வேண்டியது அடிமனை யாருடையது என்பதுதான். வில்லங்கச் சான்றில் வில்லங்கம் இல்லை என்று வருவது போதாது. மூலப்பத்திரம் பார்க்க வேண்டும். டவுன் சர்வே பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாகப்பிரிவினை நடந்த வீடானால் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா, கல்யாணமாகிப் போன மகள்கள் உட்பட, என்று பார்க்க வேண்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது பொதுச்சுவரா தனிச்சுவரா, கிணறு யாருக்குப் பாத்தியம் என்பது பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்வார்த்தை அடுத்த தலைமுறையில் வழக்காகும்.

அடுத்தது தொல்லியல் துறை. கைலாசநாதர், வைகுண்டப் பெருமாள் கோயில்கள் எல்லோருக்கும் தெரியும். இறவாத்தானேசுவரர், பிறவாத்தானேசுவரர், மதங்கேசுவரர், முக்தீசுவரர் என்று சிறிய பல்லவர் கோயில்கள் வீடுகளுக்கு இடையிலேயே இருக்கின்றன. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும் என்று 2010இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. பழுது பார்ப்பதற்கும் 100 மீட்டருக்குள் அனுமதி வேண்டும். இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பலாம் என்று நினைத்து வாங்குகிறவருக்கு இது பெரிய நஷ்டம். இருக்கிற வீட்டைச் செப்பனிட்டுக் குடியிருக்க வாங்குகிறவருக்கோ இது ஒரு காப்பு. பக்கத்து வீடு திடீரென்று ஆறு மாடி லாட்ஜாகி வெளிச்சத்தை மறைக்காது. வேகவதி ஆற்றின் கரையில் மலிவாக வருகிற இடங்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வாங்கக் கூடாது. ஆறு தன் இடத்தை மறப்பதில்லை.

பத்திரச் சிக்கலுக்குப் பணமும் பொறுமையும் கொடுத்தால் தீர்வு உண்டு. நான் மிகவும் கவலைப்படுகிற ஆட்சேபம் வேறு. பழைய ஊர் பழைய கதவுகளையும் வைத்திருக்கிறது. வீடு பார்க்கப் போனால் தரகர் முன்பணத்தைச் சொல்வதற்கு முன்னால், நீங்க என்ன ஆளுங்க என்று கேட்கிற தெருக்கள் இன்னும் இருக்கின்றன. அசைவம் சமைப்பீர்களா என்ற கேள்வியும் பெரும்பாலும் அதே கேள்வியின் மறுவடிவம்தான். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்கு அந்தக் கேள்விகூடக் கிடையாது, நேராக இல்லை என்ற பதில்தான். லே-அவுட்டில் பணம் ஒன்றுதான் கேள்வி, அந்த வகையில் அது மேல் என்று ஒரு தலித் இளைஞர் சொன்னால் அவரிடம் வாதாட எனக்கு உரிமை இல்லை. காஞ்சிக்கு நான் சொல்ல விரும்புவது அதன் வரலாற்றிலேயே இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டுத் தாளகுண்டா கல்வெட்டு, மயூரசர்மன் என்ற மாணவர் தன் ஆசிரியரோடு கர்நாடகப் பகுதியிலிருந்து காஞ்சிக் கடிகைக்குப் படிக்க வந்ததைச் சொல்கிறது. இங்கே பல்லவர்களின் குதிரை வீரன் ஒருவனோடு ஏற்பட்ட தகராறில் அவமானப்பட்டு, படிப்பை விட்டு வாளை எடுத்தார். கதம்ப அரசையே நிறுவினார். அந்தக் கடிகையைப் பற்றி நமக்குக் கிடைத்த மிகப் பழைய செய்திகளில் ஒன்று, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அவமதிக்கப்பட்ட செய்தியாக இருக்கிறது. வருகிறவர்களை ஈர்ப்பதில் பெரியதாக இருந்த நகரம், அவர்களை வைத்துக்கொள்வதில் அப்போதே தவறியிருக்கிறது. இப்போதும் வழித்தடத்தின் சம்பளம் இந்தத் தெருக்களுக்குள் வர வேண்டுமானால், கதவைத் திறக்க வேண்டியவர்கள் வீட்டுக்காரர்கள். பூட்டிக் கிடக்கிற வீடு வருடா வருடம் ஒரு உத்தரத்தை இழக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

வாங்குவதைப் பற்றிப் பேசுவதே ஒப்பந்தத் தொழிலாளருக்குப் பொருந்தாது என்பது அடுத்த ஆட்சேபம். ஒத்துக்கொள்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலையை வைத்து இருபது வருடக் கடன் வாங்குவது தற்கொலைக்குச் சமம். அவர்களுக்குத் தேவை நல்ல வாடகை வீடு. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடல்நலம் கெட்ட பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோதுதான், பலர் எப்படி ஓர் அறைக்குள் படுத்திருக்கிறார்கள் என்பது நாட்டுக்குத் தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கான குடியிருப்பு வளாகத்தை 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் அரசு திறந்தது. முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் அது கட்டில். கல்யாணமானால் காலி செய்ய வேண்டிய கட்டில். அங்கிருந்து கிளம்புகிற பெண்ணுக்கு வழித்தடத்தை விட்டே போவதா, பக்கத்தில் ஒரு ஊரில் குடும்பமாகத் தங்குவதா என்ற கேள்வி வரும்போது, வாடகைக்கு விடத் தயாரான ஆயிரம் பழைய வீடுகள் காஞ்சிபுரத்திலும் வாலாஜாபாத்திலும் இருந்தால் அவள் வேலையை விட வேண்டியிருக்காது.

பரந்தூர் விமான நிலையத்தைக் காட்டி இப்போதே காஞ்சிபுரம் பக்கம் மனை வாங்கச் சொல்கிறவர்கள் அதிகம். 2022இல் அறிவிப்பு வந்ததிலிருந்து ஏகனாபுரத்து மக்கள் தங்கள் நிலத்துக்காகப் போராடி வருகிறார்கள். அவர்கள் இழக்கப்போவதன் மேல் விலை ஏறும் என்று கணக்குப் போட்டு வாங்குவதை நான் வீடு வாங்குவதாகவே எண்ணவில்லை. விலை ஏறாவிட்டாலும் குடியிருப்பேன் என்று சொல்ல முடிகிற வீடுதான் வீடு.

கடைசியாக ஒரு கேள்வி நிற்கிறது. பட்டும் விழுந்துகொண்டுதானே இருக்கிறது, தறியை விட்டுவிட்டு நெசவாளர் பிள்ளைகளே கம்பெனி பஸ் ஏறுகிறார்களே, காஞ்சியும் ஒரு தொழிலை நம்பிக் கெட்ட ஊர்தானே என்று கேட்பார்கள். தறிகள் குறைந்தது உண்மை. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் தொழில் தளர்ந்தபோது அந்தத் தெருக்கள் காலியாகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அதே வீடு, அதே கிணறு, அதே பள்ளிக்கூடம். சம்பளம் மட்டும் வேறு திசையிலிருந்து வர ஆரம்பித்தது. பிள்ளையார்பாளையத்து வீடுகளுக்குள் போகிறவர்கள் கூடத்தில் தரையைக் கவனித்தால் தெரியும். ஜன்னலை ஒட்டி, சிமென்ட் பூச்சு மட்டும் சுற்றுத் தரையைவிட வெளிறி நீள்சதுரமாகத் தெரிகிற இடம்தான் தறிக்குழியை மண் கொட்டி மூடிய இடம். அதன்மேல் கட்டில் போட்டிருப்பார்கள், இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்குவதற்கு.